கயிற்றை விடாதவள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தெருவைக் கேட்டால் தெரியும். அதனால் சிறுவர் இல்லத்துக் குதிரை லாயத்துக்கு உதவிக்குக் கூப்பிட்டபோது, ஆள் மாறிக் கூப்பிட்டுவிட்டார்களோ என்று நினைத்தேன். நான் லாண்டரிக்காரி. இஸ்திரிப்பெட்டியைத் தள்ளித் தள்ளிக் கைகள் இரும்பாகிவிட்டன. "அந்தக் கைதாம்மா வேணும்" என்றார் பயிற்சியாளர்.

இல்லத்தில் பெற்றவர்களை இழந்த பிள்ளைகள் உண்டு. பெற்றவர்கள் இருந்தும் வீட்டில் இருக்க முடியாத பிள்ளைகளும் உண்டு. யாரிடமும் முகம் கொடுக்காத பிள்ளைகூடக் குதிரை முதுகில் ஏறி நாலு சுற்று வந்தால் கொஞ்சம் இளகும். அதற்குப் பெரியவர்கள் மூன்று பேர் வேண்டும். ஒருவர் முன்னால் கயிற்றைப் பிடித்துக் குதிரையை நடத்துவார். இருவர் ஆளுக்கொரு பக்கம் பிள்ளையின் தொடைமேல் கையை அழுத்தி, சேணத்தைப் பிடித்தபடி நடப்பார்கள். இடப்பக்கம் நான். வலப்பக்கம் எங்கள் தெருப் பூட்டுக்காரர். எந்தப் பூட்டும் அவரிடம் வாலாட்டாது, ஆனால் குதிரை தும்மினால் அவர் நடுங்குவார். குதிரைக்கு மேஸ்திரி என்று பெயர். அடுத்தவர் வேலையை நின்று பார்ப்பதுதான் அதன் வேலை.

விதி ஒன்றுதான். என்ன நடந்தாலும் கயிறு பிடித்தவர் குதிரையை விடக்கூடாது. பிள்ளைக்குப் பக்கத்தில் நடப்பவர்கள்தான் பொறுப்பு.

இந்த விதியில்தான் முள்ளு முட்டிக்கொண்டு நின்றாள்.

அவளை முள்ளு என்றுதான் கூப்பிடுவோம், அவளுக்கும் அதில் பெருமை. கைக்குழந்தையாக இருந்த தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு இல்லத்துக்கு வந்தவள். அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அப்பாவுக்குக் குடியும் அடியும்தான். ஒரு தடவை அவள் தம்பியோடு ஓடி வந்தபோது, பக்கத்து வீட்டுக்காரி "குழந்தையைக் குடும்மா, நான் பாத்துக்கறேன்" என்று வாங்கி, அப்பனிடமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாளாம். அன்றிலிருந்து "நான் பாத்துக்கறேன்" என்று யார் சொன்னாலும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மேஸ்திரியிடம் மட்டும் அவள் பஞ்சு. குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்வாள், பிடரியைச் சீவுவாள், தனக்குக் கிடைத்த ஆப்பிளில் பாதியை ஊட்டுவாள். பதினெட்டு வயது முடிந்தால் இல்லத்தில் இருக்க முடியாது; அவளுக்கு அது நெருங்கிவிட்டது. குதிரை நடத்தும் தேர்வில் ஜெயித்தால் லாயத்திலேயே வேலை, மேலே ஒரு அறை, தம்பி கண்ணெதிரில். தோற்றால் வேறு ஊரில் ஒரு விடுதி, தம்பி இங்கே.

முதல் தடவை தோற்றாள். காற்றில் ஒரு பிளாஸ்டிக் பை பறந்து வந்தது. மேஸ்திரி துள்ளியது. மேலே இருந்த சின்னப் பெண் சாய்ந்தாள். நானும் பூட்டுக்காரரும் பிடித்துவிட்டோம். ஆனால் முள்ளு கயிற்றை உதறிவிட்டு ஓடிவந்து அந்தப் பெண்ணை எங்கள் கையிலிருந்து பிடுங்கினாள். அவிழ்ந்த குதிரை பூட்டுக்காரரை வேலிவரைக்கும் விரட்டியது.

"நாங்க என்ன பொம்மையா? புடிச்சுட்டோம்ல!" என்று கத்தினேன்.

"உங்களை நம்பி எப்படி விடறது லாண்டரிக்கா?"

என்னமோ சட்டைக் கணக்குக் கேட்பதுபோல் சாதாரணமாகக் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஞாயிறு தவறாமல் வருகிறேன், அவளுக்கும் தம்பிக்கும் சீருடையை நான்தான் மடிப்புக் கலையாமல் தேய்த்துத் தருகிறேன். அதெல்லாம் அவள் கணக்கில் ஏறவே இல்லை. வீட்டுக்கு வந்து கோபத்தில் ஒரு போர்வையைத் தீய்த்துவிட்டேன்.

இரண்டாவது தேர்வு நாளன்று பயிற்சியாளர் மேஸ்திரி மேல் ஏற்றிவிட்டது யாரை என்கிறீர்கள்? அவள் தம்பியை.

"உங்களுக்கு ஈவிரக்கமே கிடையாதா?" என்று அவர் காதைக் கடித்தேன்.

"நாளைக்கு அவனும்தானே ஏறுவான்? அவளால முடியுமான்னு இன்னிக்கே பாத்துடலாம்" என்றார்.

முள்ளு முகம் கறுத்துப்போனது. கயிற்றை எடுத்தாள். பையன் மட்டும் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான். இரண்டு சுற்று நன்றாகப் போனது. மூன்றாவது சுற்றில், பக்கத்துப் பட்டறையில் ஒரு தகரம் சரிந்து விழுந்த சத்தம் இடி மாதிரி கேட்டது.

மேஸ்திரி பக்கவாட்டில் பாய்ந்தது. பையன் என் பக்கம் சரிந்து, "அக்கா!" என்று வீறிட்டான். என் தோளைக் கொடுத்து முட்டு வைத்தேன், கை அவன் தொடையை விடவில்லை. எதிர்ப்பக்கம் பூட்டுக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டு அவன் காலைக் கட்டிப் பிடித்திருந்தார். போச்சு, இப்போது கயிற்றை விட்டுவிட்டு ஓடிவரப்போகிறாள் என்று நினைத்தேன்.

அவள் வரவில்லை. குதிரையின் தலையோடு தலையாகச் சுற்றிவந்து நின்றாள். "நில்லுடா... ஒண்ணுமில்லடா... நில்லு." பையன் இன்னும் "அக்கா, அக்கா" என்று அலறுகிறான். ஒவ்வொரு அலறலுக்கும் அவள் தோள் துடித்ததைப் பார்த்தேன். கயிறு துடிக்கவில்லை.

திரும்பாமலே கேட்டாள்: "லாண்டரிக்கா, புடிச்சிருக்கீங்களா?"

"புடிச்சிருக்கேன்டி!"

"சரி."

அவ்வளவுதான். நான் சொன்னது நிஜமா என்று ஒரு கண்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. மேஸ்திரி இரண்டு மூச்சு சீறிவிட்டுத் தலையைத் தாழ்த்தியது. பூட்டுக்காரர் கண்ணைத் திறந்து, "எல்லாரும் உயிரோடதானே இருக்கோம்?" என்றார்.

பயிற்சியாளர் வந்து முள்ளுவின் முதுகில் தட்டினார். "வேலைக்கு எப்ப வர்றே?"

நான்தான் கூச்சல் போட்டேன். தெருவுக்கே கேட்டிருக்கும். பெற்ற மகள் ஜெயித்தால்கூட இப்படித் துள்ளியிருப்பேனா, தெரியாது. முள்ளு சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. மேஸ்திரியின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தாள்.

"அவனை இறக்கிக்கங்க லாண்டரிக்கா. இவன் வேர்த்துப்போயிருக்கான், கொண்டுபோய்த் துடைச்சுட்டு வரேன்."

பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். அவன் விசும்பல் இன்னும் நிற்கவில்லை. முள்ளு மேஸ்திரியை நடத்திக்கொண்டு லாயத்துக்குள் போனாள். எங்களைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"அக்கா என்னைப் பாக்காமலே போறா" என்றான் பையன்.

"ஆமாடா" என்றேன். என் தலை நிமிர்ந்து, கண் நிறைந்துவிட்டது. "உன்னை என்கிட்ட குடுத்துட்டுப் போறா."