மூன்றாவது துளை

1.
இந்தக் கதை பிறந்த இடம் என் சமையலறைச் சுவர். நகராட்சி ஆண்டுதோறும் இலவசமாக அனுப்பும் நாள்காட்டி அங்கே தொங்குகிறது. ஜூன் மாதப் படத்தில், ஃபியோர்டு என்னும் குறுகிய கடற்கழிக்கு அறுநூறு மீட்டர் மேலே துருத்தி நிற்கும் பாறையின் விளிம்பில் ஒருவர் நமக்கு முதுகைக் காட்டி, கைகளை விரித்து நிற்கிறார். முன்பக்கம் காட்டினால் தொப்பை தெரியும் என்பதால் முதுகு. கீழே வாசகம்: 'பனியாறு செதுக்கியது. காலம் அசைக்காதது.'

இந்த மேற்கு நார்வேச் சிற்றூரில் இருபது வருடமாக இருக்கிறேன். எத்தனையோ தடவை பார்த்த படம்தான். போன வாரம் காபி ஆறும்வரை பார்த்தேன். பாறையின் குறுக்கே ஒரு விரிசல். இரண்டு விரல் அகலம் இருக்கும். ஒரு கதைக்கு அது போதும் என்று நினைத்தேன்.

2.
தொடக்கம், முதல் வரைவு: 'பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் மாபெரும் பனியாறு தன் வெண்மௌனத்தோடு இம்மலைகளின்' – வேண்டாம். இதுவும் நாள்காட்டிக்கே சம்பளமில்லாமல் வேலை பார்க்கிறது.

இரண்டாம் வரைவு: ராக்னிக்கு ட்ரைபாட் மீது கோபம்.

இது பரவாயில்லை. ராக்னிதான் அந்தப் படத்தை எடுப்பவள், வயது ஐம்பத்திரண்டு. எல்லா வருடமும் ஒரே இடத்திலிருந்து படம் வேண்டும் என்று நகராட்சி பாறையில் மூன்று துளை போட்டுக் கொடுத்திருக்கிறது. ட்ரைபாடின் மூன்று கால்களும் அவற்றில் இறங்க வேண்டும். இரண்டு துளைகள் விரிசலுக்கு இந்தப் பக்கம், மலையோடு. மூன்றாவது அந்தப் பக்கம், விளிம்போடு. முதல் வருடம் ஆணி அடித்ததுபோல் உட்கார்ந்தது. அப்புறம் மூன்றாவது கால் மட்டும் வருடத்துக்கு வருடம் எட்டாமல் போயிற்று. கால் வளைந்துவிட்டது என்று புதிது வாங்கினாள். அதுவும் எட்டவில்லை. கடைக்காரரைத் திட்டிவிட்டு இன்னொன்று வாங்கினாள்.

இன்று, அந்த மூன்றாவது ட்ரைபாடின் காலும் துளைக்கு எட்டாமல் அந்தரத்தில் நிற்கிறது.

3.
விளிம்பில் நிற்பவன் யோஸ்தைன், சுற்றுலா அதிகாரி, ராக்னியோடு பள்ளியில் படித்தவன். (இவனைக் கோமாளியாக்கத்தான் உத்தேசித்திருந்தேன். மலையேறும்போது அவள் பையையும் சேர்த்துச் சுமந்தான்; பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியில் பெரிய துண்டை அவளுக்குக் கொடுத்தான். இப்படியெல்லாம் நடந்துகொண்டால் நான் எப்படிக் கேலி செய்வது?)

"இன்னும் எவ்வளவு நேரம்மா? கை ரெண்டும் கழண்டு விழுந்துடும்போல."

"ட்ரைபாட் நிக்க மாட்டேங்குது."

"போன வருஷமும் இதேதான் சொன்ன. உன்கிட்ட வந்தாலே ட்ரைபாடுக்கெல்லாம் கால் சுருங்கிடுது."

ராக்னி சிரிக்கவில்லை. மூன்றுமா சுருங்கும்? மண்டியிட்டு விரிசலுக்குள் கையை விட்டாள். முஷ்டி தடையில்லாமல் இறங்கியது. அடியிலிருந்து ஈரக்காற்று வந்து விரல்களைத் தொட்டது.

(முதல் பகுதியில் இரண்டு விரல் என்று எழுதியிருக்கிறேன். கவனக்குறைவு. திருத்திக்கொள்கிறேன்.)

பள்ளியில் இருவரும் ஒரே பெஞ்சில் கேட்ட பாடம்தான்: பனி இருந்தவரை மலைச்சுவரைத் தாங்கிப் பிடித்தது, உருகியபின் தாங்க ஆளில்லை.

"யோஸ்தைன், கைய இறக்கிட்டு இந்தப் பக்கம் வா."

"எடுத்துட்டியா?"

"வா. குதிக்காம வா."

விரித்த கைகள் மெல்லக் கீழே இறங்கின.

"என்ன ராக்னி?"

"ஒண்ணுமில்ல. திரும்பு. என்னையே பாரு."

"ஒண்ணுமில்லன்னா ஏன் இவ்வளவு மெதுவா பேசுற?"

4.
முடிவு ஒன்று: பாறை விழுகிறது. கைதட்டலுக்காக ஒருவனைக் கொல்வது அந்த நாள்காட்டி வாசகத்தைவிடக் கேவலம்.

முடிவு இரண்டு: அவன் வந்துசேர்கிறான். பாறையும் நிற்கிறது. படத்தில் விரிசலை மட்டும் அழித்துவிடுகிறார்கள். அடுத்த ஜூனில் அங்கே வேறொருவர் கைகளை விரிக்கிறார். நடக்கக்கூடியது இதுதான். எழுதப் பிடிக்காததும் இதுதான்.

எதுவானாலும் முதலில் அவன் தாண்டியாக வேண்டும். எழுதினேன்: 'யோஸ்தைன் விரிசலின் ஓரத்துக்கு வந்தான். ஒரு முழ அகலமுள்ள அந்த' –

ஒரு முழமா? முஷ்டி என்றல்லவா எழுதினேன்? கவனக்குறைவு என்று மறுபடி திருத்தப் போனேன். ராக்னி மூன்றாவது ட்ரைபாடை வாங்கியதும் இப்படித்தான்.

பேனாவை வைத்துவிட்டேன். நான் ஒவ்வொரு வாக்கியம் எழுதும்போதும் அது விரிகிறது. அவன் ஒரு காலைத் தூக்கியிருக்கிறான். அவள் கையை நீட்டியிருக்கிறாள். அவனைத் தாண்ட வைக்கும் வாக்கியத்தை நீங்கள் எழுதுங்கள். சின்னதாக இருக்கட்டும். அகலத்தைக் குறிப்பிட வேண்டாம்.