தொடாமல் வாங்கும் தராசு

பழனிமுத்து கயிற்றையும் கொடுவாளையும் பலா மரத்தடியில் போட்டுவிட்டு அரை மணி நேரமாக நின்றுகொண்டிருந்தான். அவன் மனைவி பாப்பாயி வாசலில் உட்கார்ந்து சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் அரசாங்கத்தின் கொள்முதல் வண்டி வந்து நிற்கும். அதற்குள் பதினோரு மரத்துக் காயும் கீழே இறங்கியாக வேண்டும்.

“ஏ புள்ள, வாரயா இல்லயா? நான் மேல ஏறுனா கயித்தப் புடிக்க ஆளு வேணுமில்ல?”

“ஏறாதீங்க.”

“ஏறாதீங்கன்னா?”

பாப்பாயி முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சண்டைக்கு வருகிற பொம்பளையைச் சமாளித்துவிடலாம், வாயை மூடிக்கொள்கிறவளிடம் எந்த மனுசனாலும் ஜெயிக்க முடியாது என்று பழனிமுத்து தங்கள் மலைப்பகுதியான வளப்பூர் நாடு முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். அது அவள் காதுக்கும் வந்திருந்தது. அவன் மரத்தில் சாய்ந்து பீடியைப் பற்ற வைத்தான். அவள் உமியை ஊதினாள். அவள் மனசு சனிக்கிழமை வந்த போனிலேயே நின்றுகொண்டிருந்தது.

கூப்பிட்டவர் ஜாபர் உசேன். மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் பலா வியாபாரம். பதினைந்து வருஷமாகப் பருவத்தில் வாரம் மூன்று நாள் தன் சின்ன லாரியில் மலையேறி வருவார். வந்ததும் விலை பேச மாட்டார். மரம் மரமாகப் போய், காயின்மேல் காதை ஒட்டி வைத்து, விரலை மடக்கித் தட்டுவார். பச்சைக் காய் கட்டையைத் தட்டினாற்போல ‘டக்’கென்று சொல்லும். முற்றிய காய் உள்ளுக்குள் எங்கோ இடம் விட்டிருப்பதுபோல ‘பொத்’தென்று சொல்லும். இரண்டுக்கும் நடுவில் ஏழெட்டுச் சத்தம் இருக்கிறது. காய் என்றைக்குப் பழுக்கும் என்பதில் அவருக்கும் பாப்பாயிக்கும் தகராறு வரும். “இது வெள்ளிக்கிழமைம்மா” என்பார் அவர். “ஞாயித்துக்கிழமைங்க பாய்” என்பாள் இவள். பிறகு இரண்டு பேரும் மறுபடி தட்டிக் கேட்பார்கள். முற்றியது மட்டும் இறங்கும். மற்றது மரத்திலேயே இருக்கும். இறங்குகிற காயின் காம்பில் கொடுவாள் நுனியால் மூன்று கீறல் போட்டு அனுப்புவாள். மூன்று கீறல் என்றால் பாப்பாயி காய். அடிவாரத்தில் கேட்டு வாங்கினார்கள்.

இந்த வருஷம் இரண்டாவது லாக்டவுன் வந்தது. வியாபாரிகளின் வண்டி மலையேறக் கூடாது. அரசாங்கமே வாங்கி, அரசாங்கமே தெருத்தெருவாகக் கொண்டுபோய் விற்கும் என்று ஜீப்பில் மைக் கட்டிச் சொல்லிப் போனார்கள். எந்தக் காயானாலும் கிலோவுக்கு ஒரே விலை. பாய் கொடுப்பதைவிட இரண்டு ரூபாய் கூட. பாப்பாயிக்கும் அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. மைதானத்தில் கட்டியிருந்த தட்டியில், நோய் பரவாமலிருக்கப் பொருட்களை யாரும் தொட்டுப் பார்க்கக் கூடாது என்று எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்தாள். பலாவைத் தொடாமல் வாங்குவதும் பொண்ணைப் பார்க்காமல் கட்டுவதும் ஒன்றுதான் என்று பக்கத்துக் காட்டுச் சுகந்தியிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, மற்றவர்களைப் போலவே, கைக்கு எட்டிய காயையெல்லாம் இறக்கித் தராசில் வைத்தாள். இருபத்திரண்டு காய். வண்டி வாரத்துக்கு ஒரு நாள்தான் வரும், விட்டால் போச்சு என்ற பயம். பச்சைக் காயும் பால் கட்டிக் கனமாகத்தானே இருக்கிறது? கனத்துக்குத்தானே காசு?

சனிக்கிழமை போனில் பாய் முதலில் சௌக்கியம் விசாரித்தார்.

“சொகந்தானுங்க பாய். உங்க தெருவுல என்னமோ சொன்னாங்களே?”

“ரெண்டு பேரு போயிட்டாங்கம்மா. ஒருத்தன் எங்க சின்னத்தா மகன். தூரமா நின்னு பாத்துட்டு வந்தோம்.”

பிறகு அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். “எங்க ஊட்டு ஜொஹ்ரா அந்தக் கவர்மெண்டு வண்டியில ஒரு பலா வாங்குனா. நாலு நாளு சாக்குல சுத்தி வெச்சோம். பழுக்கவே இல்ல. வெட்டிப் பாத்தா உள்ள ரப்பரு மாதிரி இருக்கு. ஒரே பாலு. கத்தி போனதுதான் மிச்சம். காம்பப் பாத்தேன். மூணு கீறலு.”

பாப்பாயி போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“திட்டணும்னு கூப்புடலம்மா. தெருவுல இன்னும் அஞ்சாறு ஊட்டுல வாங்கியிருக்காங்க. ‘பாய், நீங்க பேரச் சொல்லி விப்பீங்களே, அந்தப் பாப்பாயி காய்தான இது’ன்னு கேக்குறாங்க. என்ன சொல்லட்டும்?”

அப்புறம் கூப்பிடுகிறேன் என்று போனை வைத்தாள். இரண்டு நாளாகியும் கூப்பிடவில்லை.

பழனிமுத்து பீடியை மிதித்து அணைத்தான். “ஒரு வாரம் காய் குடுக்கலீன்னா கொள்முதல் பட்டியல்ல பேர எடுத்துருவாங்களாம். அப்பறம் யாரு வாங்குவா? பாயி வண்டி ஏற முடியாது. இந்தப் பருவத்துக் காயி அத்தனையும் கீழ விழுந்து அழுகிப்போகும். தெரியுமில்ல?”

“தெரியுமுங்க.”

“தெரிஞ்சுமா?”

“அழுகட்டும். பழுத்து அழுகட்டும்” என்றாள் பாப்பாயி. “மரத்துல ஒண்ணுதான் முத்தியிருக்குது. அத மட்டும் எறக்குங்க. நாளைக்கி நான் கொண்டுபோறேன்.”

மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் வட்டம் வட்டமாகப் போட்டிருந்தார்கள். ஆளுக்கொரு வட்டம். பாப்பாயி முகக்கவசத்தை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டு, ஒற்றைக் காயைக் காலடியில் வைத்துத் தன் வட்டத்துக்குள் நின்றாள். முன்வட்டத்தில் சுகந்தி. அவள் பக்கத்தில் முப்பது காய்க்குக் குறையாமல் குவிந்திருந்தது. கையளவுப் பிஞ்சுகூட இருந்தது.

“என்னடி, ஒத்தக் காயோட வந்திருக்க? மாப்பிள்ள ஊட்டுக்குச் சீரா?” என்றாள் சுகந்தி.

“மத்தது இன்னும் வயசுக்கு வரல.”

“அடப் போடி. காசு குடுக்கறாங்க, உனக்குக் கசக்குது.”

சிரிப்பு வரிசை முழுக்க ஓடியது. தராசருகே மேசை போட்டு உட்கார்ந்திருந்த கலைமணி நிமிர்ந்து பார்த்தான். கொள்முதல் எழுத வருகிற பையன், இருபத்தாறு வயதிருக்கும். முகக்கவசத்துக்குள்ளிருந்து வருகிற மூச்சில் கண்ணாடி பனித்துப் பனித்துப் போக, துடைத்துத் துடைத்து எழுதிக்கொண்டிருந்தான். மூன்று மணிக்கு அடுத்த ஊர், அதற்கடுத்த ஊர் என்று அவனுக்கும் ஓட்டம்தான்.

பாப்பாயியின் முறை வந்தது. காய் தராசில் ஏறியது. பதினாலரை கிலோ.

“அவ்வளவுதானாம்மா? போன வாரம் இருபத்திரண்டு குடுத்திருக்கீங்களே.”

“சார், இதுக்குப் பக்கத்துல சுகந்தி காயி ஒண்ண எடுத்து வெக்கச் சொல்லுங்க.”

“என் காய எதுக்குடி இழுக்கற?” என்று சுகந்தி கத்துவதற்குள், கையுறை போட்ட சுமைக்காரர் ஒன்றைத் தூக்கி வைத்துவிட்டார். முள் இருபத்தொன்பதரையில் நின்றது. அது பதினைந்து கிலோ.

“இதுக்குக் காசு கூடவா, கொறச்சலா?”

“கூடத்தான். எடை கூட இருக்குதே.”

“கூடக் காசு குடுத்து வாங்கறீங்களே கண்ணு, அது பழுக்குமா?”

கலைமணி பேனாவை வைத்தான். பின்னாலிருந்து யாரோ, “லேட்டாகுது பாப்பாயி, நகரு” என்றார்கள். அவள் நகரவில்லை.

“ரெண்டையும் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்க.”

“தொடக் கூடாதுன்னு உத்தரவும்மா. நோய் பரவிருமில்ல? உங்க நல்லதுக்குத்தான சொல்றாங்க.”

“நோவுக்குப் பயப்படறேனுங்க சார். அதான் வட்டத்துல நிக்கறேன், வாயக் கட்டிட்டு நிக்கறேன். அதுக்காவ உங்க தராசுக்கும் பயப்படணுமா? கை கழுவறதுக்குச் சோப்பு இருக்குதில்ல? தொட்டுட்டுக் கழுவுங்க.”

அவன் அங்குமிங்கும் பார்த்தான். எழுந்து வந்து, விரலை மடக்கி, சுகந்தியின் காயைத் தட்டினான். பிறகு பாப்பாயியின் காயை. மறுபடியும் முதல் காயை. வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் அந்தச் சத்தம் தெரியும். ஒரு வாரமாகத் தெரியாததுபோல இருந்தார்கள், அவ்வளவுதான். சுகந்தி தன் காய்க் குவியலைப் பார்க்காமல் பள்ளிக்கூடத்துக் கூரையைப் பார்த்தாள்.

“வித்தியாசம் தெரியுதும்மா” என்றான் கலைமணி தணிந்த குரலில். “ஆனா நான் என்ன பண்ணட்டும்? படிவத்துல எடைக்குத்தான் கட்டம் இருக்கு.”

“வாரம் மூணு நாளு வண்டி விடுங்க. முத்துனத மட்டும் தட்டி எடுங்க. இல்லாட்டி எடுக்கத் தெரிஞ்சவர மேல வர உடுங்க. நீங்களும் வாங்கத் தெரியாம, தெரிஞ்சவரயும் வாங்க உடாம வெச்சிருந்தா, கீழ காசு குடுத்துத் திங்கறவங்க யாரத் திட்டுவாங்க? உங்களயா? என்னயத்தான் திட்டறாங்க.”

“இதெல்லாம் மேல முடிவு பண்றது. சரி, இன்னிக்கு மிச்சக் காய் குடுக்கலைன்னு நான் எழுதியாகணும். எழுதுனா பட்டியல்ல உங்க பேர் இருக்காது. யோசிச்சுக்கங்க.”

பாப்பாயி யோசிக்கவில்லை. யோசனையெல்லாம் சாமை புடைக்கும்போதே முடிந்திருந்தது. அவன் எழுதி, தாளைத் திருப்பி, கையெழுத்துப் போட இடத்தைக் காட்டினான். அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். விற்க விருப்பம் உண்டு, இல்லை என்று இரண்டும் அச்சடித்திருந்தது. அவன் ‘உண்டு’ என்பதைக் கோடு போட்டு அடித்திருந்தான்.

“இது பொய்யிங்க சார்.”

“என்னம்மா பொய்?”

“விக்க விருப்பமில்லன்னு நான் எப்பச் சொன்னேன்? விக்கத்தான மரம் வெச்சிருக்கேன்? விருப்பம் இருக்குது. காயி முத்தல. அத எழுதுங்க.”

“அதுக்குக் கட்டமே இல்லம்மா.”

“கட்டத்துக்கு வெளிய எழுதுங்க.”

அவன் அவளைப் பார்த்தான். அவளும் அவனைப் பார்த்தாள். தராசின் முள் இரண்டு காயின் கனத்தில் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் அவன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தாளின் ஓரத்தில் குறுக்காக எழுதினான்: விருப்பம் உண்டு, காய் முற்றவில்லை. அவள் அதைப் படித்து, அதற்குக் கீழே தன் பெயரைப் பெரிதாகப் போட்டாள். தராசிலிருந்த தன் காயைத் தானே தூக்கிக்கொண்டாள்.

“இது முத்துன காய்தானம்மா, இதையாவது குடுத்துட்டுப் போங்க.”

“இல்லீங்க. இதுக்கு ஆளிருக்குது.”

வண்டி சுகந்தியின் காய்களையும் மற்றவர்களின் காய்களையும் ஏற்றிக்கொண்டு போனது. பாப்பாயியின் பெயர் பட்டியலிலிருந்து போனது. சாயங்காலம் சுகந்தி வேலியோரம் வந்து, “ஊர் முன்னால என்னய அசிங்கப்படுத்திட்ட” என்று சொல்லிவிட்டுப் போனாள். அது நியாயம்தான் என்று பாப்பாயிக்குப் பட்டது. ஆனால் கூப்பிட்டுச் சமாதானம் சொல்லவில்லை.

அன்றைக்கே பாய்க்குப் போன் போட்டாள். ரோட்டில் மூன்று இடத்தில் மறித்திருக்கிறார்கள், வண்டி வர வழியில்லை என்றார் அவர்.

“ரோட்டுலதான மறிக்கறாங்க? நாளைக்கிக் காலையில நாங்க கால்வழியில எறங்கி வாரோம். அடிவாரத்துப் புளியமரத்துக்கிட்ட நில்லுங்க.”

போனை வைத்ததும் பழனிமுத்து, “நாங்களா? யாரு அந்த நாங்க?” என்றான். ஆனால் விடிந்ததும் அவனே இன்னொரு மரத்தில் ஏறித் தட்டிப் பார்த்து, முற்றியது ஒன்றை இறக்கிச் சாக்கில் கட்டித் தோளில் போட்டான். “உன்ற வீம்பு, என்ற கழுத்து” என்றான். நேற்றைய காயைச் சும்மாடு கூட்டித் தலையில் ஏற்றி அவள் முன்னால் நடந்தாள். மூன்றரை மணி நேர இறக்கம். பாறை வழுக்குகிற இடங்களில் ஒருவருக்கொருவர் கை கொடுத்துக்கொண்டார்கள்.

புளியமரத்தடியில் ஜாபர் உசேன் மொபெட்டுடன் நின்றிருந்தார். முகத்தில் பாதியைத் துணி மறைத்திருந்தது. இளைத்துப்போயிருந்தார். அவர்கள் காய்களைக் கீழே வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்றார்கள். அவர் ஒரு பாட்டில் தண்ணீரும் சோப்புத் துண்டும் எடுத்துக் கையைக் கழுவினார். குந்தி உட்கார்ந்து, காதை ஒட்டி வைத்துத் தட்டினார். வெகுநேரம் தட்டினார். பிறகு மறுபடியும் கையைக் கழுவினார்.

“இது நாளைக்கி. அது மறுநாளு” என்றார்.

“ரெண்டுமே நாளைக்கிங்க பாய்.”

துணிக்குள் அவர் சிரித்தது கண்ணில் தெரிந்தது. “மரத்துல இன்னும் எத்தன இருக்கும்?”

“அம்பதுக்கு மேல இருக்குமுங்க.”

“இப்பிடி ரெண்டு ரெண்டா சுமந்தா பாதிக்கு மேல விழுந்துரும்மா.”

“விழட்டுமுங்க.”

பழனிமுத்து காலில் ஒட்டியிருந்த அட்டையைப் பிய்த்தான். பாய் காய்களை மொபெட்டில் ஏற்றிக் கட்டினார். கயிற்றை இழுத்து முடி போட்டுவிட்டுத் திரும்பினார்.

“தெருவுல உன் பேரச் சொல்லி விக்கட்டுமா, இல்ல இந்த வருஷம் பேரு வேண்டாமா?”

பாப்பாயி வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். மலை வெயிலில் வெளுத்துக் கிடந்தது.

“பேரச் சொல்லுங்க பாய். போன வாரம் பழுக்காமப் போனதும் பாப்பாயி காய்தான், அவளே பச்சையில அறுத்துத் தராசுல வெச்சதுதான்னு அதையும் சேத்துச் சொல்லுங்க. அதக் கேட்டுட்டும் வேணும்னு சொல்றவங்களுக்கு இதக் குடுங்க.”