நாரைகளுக்காக ஒரு கடைவாய்ப்பல்

ஜூலை மாதத்தில் எங்கள் ஊர் அணி ஜெயிக்கத் தொடங்கினால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான். ஜூன் வரைக்கும் பந்தைக் கண்டாலே தடுமாறியவர்கள், வெயில் ஏறியதும் திடீரென்று ஆட்டக்காரர்கள் ஆகிவிடுவார்களா? பழைய கார் விற்கிறவன்தான் அப்படித் திடீரென்று நல்லவனாக நடந்துகொள்வான்.

மார்லோ ஊர் பேஸ்பால் அணியின் பெயர் ஹெரன்ஸ், அதாவது நாரைகள். மைதானத்துக்குப் பின்னால் ஆறு ஓடுகிறது, அதில் நிஜ நாரைகள் நிற்கும். எங்கள் ஆட்களும் அப்படித்தான். பந்து பக்கத்திலேயே வந்து விழுந்தாலும் ஒற்றைக்காலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் போட்டித் தொடரில் முதல் நான்கு இடத்துக்குள் வருகிறவர்களுக்குத்தான் செப்டம்பரில் ஆட்டம் உண்டு. மற்றவர்கள் ஆகஸ்டு கடைசியில் மூட்டை கட்டிவிட வேண்டும். நாரைகள் கடைசியாகச் செப்டம்பரில் ஆடியபோது எனக்குத் தலைமுடி கறுப்பாக இருந்தது.

இந்த வருஷம் அவர்கள் ஜெயிக்கத் தொடங்கிய அதே நாளில் என் கடைவாய்ப்பல் வலிக்கத் தொடங்கியது. அதை நான் வாய்க்குள்ளேயே வைத்திருந்திருக்க வேண்டும். வெளியே சொன்னது என் முட்டாள்தனம்.

இடது பக்கத்து மரப் பெஞ்சில் நாங்கள் மூன்று பேர். க்ளீட் இந்த ஊரில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். அவன் உட்கார்ந்தால் இரண்டு பேர் இடம் போய்விடும். மேவிஸ் எங்கள் ஊர்ப் பல் டாக்டரிடம் முன்மேஜையில் உட்கார்ந்து ஆட்களுக்கு நேரம் ஒதுக்குகிறவள். மூன்றாவது நான். பாட்டில் கம்பெனியில் உலை பார்த்தேன், கம்பெனி மூடிவிட்டது. அவ்வளவுதான் என் கதை.

அன்றைக்கு வேர்க்கடலைப் பையை க்ளீட்டின் மடியில் வைத்தேன்.

"என்னய்யா, கடலைய என்கிட்ட தள்ளுற? செத்துகித்துப் போகப் போறியா?"

"பல்லு வலிக்குது."

"எப்பலேர்ந்து?"

"கார்ஸ்டன் ஊர்க்காரனுங்கள அடிச்சோமே, அன்னிக்குக் காலைலேர்ந்து."

கடலை உடைத்துக்கொண்டிருந்த அவன் கை நின்றது. மேவிஸைப் பார்த்தான். மேவிஸ் என் கன்னத்தைப் பார்த்தாள். கார்ஸ்டனை ஜெயித்த நாளிலிருந்து நாரைகள் தோற்கவில்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும். ஆனால் எத்தனை ஆட்டம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். சொன்னால் போய்விடும். நானும் இங்கே எழுதப் போவதில்லை.

"யோவ் ஹார்லன்," என்றான் க்ளீட் மெதுவாக. "அந்தப் பல்லு மேல எவனாச்சும் கைய வச்சான், நீ இந்தப் பெஞ்சுப் பக்கமே வரக் கூடாது."

"உனக்குப் பைத்தியமா? ராவெல்லாம் தூக்கம் இல்ல எனக்கு."

"நல்லதுதானே. முழிச்சிருந்து வேண்டிக்கோ."

மேவிஸ் சிரிக்கவில்லை. அவள் அந்தப் பச்சைச் சட்டையைத்தான் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் போட்டுக்கொண்டு வந்தாள். துவைக்கவில்லை. காலரில் கடுகுச் சாஸ் கறை ஒன்று இருந்தது, கார்ஸ்டன் ஆட்டத்தன்று சிந்தியது. காற்று எங்கள் பக்கம் அடித்தால் நானும் க்ளீட்டும் தலையைத் திருப்பிக்கொள்வோம். வேண்டாம் என்று சொல்லத் தைரியம் இல்லை. க்ளீட் தன் வண்டியை அதே எல்ம் மரத்தடியில்தான் நிறுத்துவான். அங்கே வேறு எவனாவது நிறுத்தியிருந்தால், போகும்வரை சுற்றிச் சுற்றி வருவான்.

இதெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லாத விஷயம். டாக்டர், வக்கீல், வானிலை சொல்கிறவன் யாரையும் நம்பாதவன், ஒரு சொத்தைப் பல்லையா நம்புவேன்? ஆனாலும் பிடுங்கிக்கொள்ளப் போகவில்லை. காரணம் க்ளீட்.

அவன் வீட்டை விற்றாகிவிட்டது. மனைவி போய்ச் சேர்ந்தபின் முழங்காலும் போய்விட்டது. அரிசோனாவில் இருக்கும் மகள் ஓர் அறையை ஒழித்து வைத்துக்கொண்டு வா வா என்கிறாள். அவளிடம் க்ளீட் ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தான். ஆகஸ்டு கடைசியில் வந்து கூட்டிப் போகலாம். ஆனால் நாரைகள் செப்டம்பரில் ஆடினால், கடைசி ஆட்டம் முடிகிறவரை அவன் இங்கேதான். வீடு வாங்கியவர்களிடமும் அப்படியே பேசி வைத்திருந்தான். மகளுக்கு நாரைகளைப் பற்றித் தெரியும். போனில் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுச் சரி என்றாளாம்.

"அங்க வாசல்ல புல்லே கிடையாதுய்யா," என்பான் என்னிடம். "சரளைக்கல்லக் கொட்டி வச்சிருக்கானுங்க. அதுக்குப் பேரு தோட்டமாம்."

ஒரு மாதம் கூடக் கிடைப்பது அவ்வளவு பெரிய விஷயமா என்று யாராவது கேட்கலாம். எனக்கு எழுபத்து நான்கு வயது. இனிமேல் இன்னொரு க்ளீட்டைப் பிடித்துப் பழக்க நேரம் இல்லை.

வீட்டில் என் மனைவி டோரீன் விடவில்லை. அது சோளம் வருகிற மாதம். சூடாக அவித்து, வெண்ணெய் தடவித் தட்டில் வைப்பாள். நான் கதிரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

"நாலு தடவ கேட்டுட்டேன். மேவிஸ் சொல்றா, டாக்டருக்கு அடுத்த வாரம் பூரா ஆளாம்."

"இருக்கும்."

"போன வாரமும் இதையேதான் சொன்னா. இந்த ஊர்ல மொத்தமே அவ்வளவு பல்லு கிடையாது, ஹார்லன்."

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. மேவிஸ் மேஜையில் உட்கார்ந்துகொண்டு என்னைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறாள். நான் கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் நனைத்துப் பல்லில் வைத்துக்கொண்டேன்.

அணி வெளியூர் போயிருந்தபோதுதான் எனக்கே வெட்கமான ஒரு காரியம் நடந்தது. சாயங்காலம், அடுக்களையில் ரேடியோ. உட்கார முடியவில்லை. கன்னத்தில் ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டு ஜன்னலுக்கும் ஐஸ் பெட்டிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். டோரீன் கொடுத்த மாத்திரை, ஒன்பது இன்னிங்ஸில் நான்காவதில் வேலை செய்தது. வலி இறங்கியது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன். உடனே எதிரணி மூன்று ரன் எடுத்தது.

தற்செயல்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ஐஸை எடுத்துத் தொட்டியில் போட்டேன். அந்தப் பக்கத்துப் பல்லைப் பலமாகக் கடித்தேன். வலி கண் வழியாக வந்தது. எங்கள் ஆள் ஒருவன் பந்தை வேலிக்கு வெளியே அடித்தான். இன்னும் கடித்தேன். இன்னொருவன் ஓடி வந்து ரன் சேர்த்தான்.

"என்ன பண்ற நீ?" டோரீன் கதவருகே நின்றுகொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்ல."

"அழுவுற."

"ஜெயிக்கிறோம்," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு அணி ஊர் திரும்பியது. நாரைகளுக்கும் நாலாவது இடத்துக்கும் நடுவில் ஒரே ஒரு வெற்றி. காலையில் கண்ணாடியில் பார்த்தால் என் முகம் ஒரு பக்கம் பன் மாதிரி இருந்தது. இடது கண் பாதி மூடியிருந்தது.

"நாளைக்குக் காலைல டவுன் ஆஸ்பத்திரி," என்றாள் டோரீன். "வரலேன்னா நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். அவ புருஷனாவது பல்லு தேய்ப்பான்."

சரி என்றேன். நாளைக்குத்தானே.

மைதானம் நிறைந்து வழிந்தது. ஜூனில் எங்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லாம் பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். மே மாத மழையில் இவர்கள் எங்கே இருந்தார்கள்? தார் உருகுகிற வெயில். எனக்கு மட்டும் குளிர்ந்தது. கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். ஆட்டம் சமமாக, முன்னும் பின்னுமாக இழுத்துக்கொண்டு போனது. க்ளீட்டின் நல்ல கால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. மேவிஸ் நகத்தைக் கடித்துத் துப்பினாள். பெஞ்சு முழுக்க எறும்பு ஏறியது மாதிரி எவனும் ஒழுங்காக உட்காரவில்லை, ஆனால் எவனும் இடம் மாறவும் இல்லை.

ஏழாவது இன்னிங்ஸ் நடுவில் எல்லாரும் எழுந்து நின்று சோம்பல் முறித்துப் பாட்டுப் பாடுவது வழக்கம். எல்லாரும் எழுந்தார்கள். நான் எழவில்லை. கால் கேட்கவில்லை.

பாட்டு முடிந்து நாரைகள் மட்டை பிடித்தார்கள். இரண்டு பேர் ரன் எடுக்கப் பாதி வழியில், பேஸில் நின்றார்கள். அடுத்தவன் மட்டையோடு நிற்கிறான். அப்போது க்ளீட் என் பிடரியில் கை வைத்தான்.

"யோவ். அடுப்பு மாதிரி கொதிக்குது."

"ஆட்டத்தப் பாரு."

"எழுந்திரு."

"ரெண்டு பேரு பேஸ்ல நிக்கிறானுங்க, க்ளீட்."

"குருடா நான்? எழுந்திரு கிழவா."

"நீ இப்ப சீட்ட விட்டுப் போனா எல்லாம் போச்சு. உனக்குத் தெரியும்."

"தெரியும்," என்றான். என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். பஸ் ஓட்டுகிறவனின் கை, இன்னும் பலம் இருந்தது. அந்த முழங்காலோடு என்னைப் படியில் இறக்கினான்.

மேவிஸ் போனைக் காதில் வைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தாள். "டாக்டர் வர்றேன்னுட்டாரு. திறந்து வைக்கிறாராம்." பிறகு அழ ஆரம்பித்தாள். "போன வாரம் பூரா அவரு சும்மாதான் இருந்தாரு, ஹார்லன். தினம் வாசல்ல உக்காந்து பேப்பர் படிச்சாரு."

"தெரியும்டி," என்றேன். "போய் உக்காரு. ஒருத்தராவது இடத்துல இருக்கணும்."

எல்ம் மரத்தடியிலிருந்து க்ளீட் வண்டியைக் கிளப்பினான். பாலம் ஏறும்போது முதுகுக்குப் பின்னால் மைதானம் இரைந்தது. சந்தோஷமா வயிற்றெரிச்சலா, அந்தத் தூரத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும். க்ளீட்டின் கை ரேடியோ பொத்தான் வரை போனது, திரும்பி வந்தது. மறுபடி போனது. பிறகு அந்தக் கையின் மேலேயே உட்கார்ந்துகொண்டு ஒற்றைக் கையால் ஓட்டினான்.

டாக்டர் வீட்டில் போடும் செருப்போடு நின்றுகொண்டிருந்தார். என் வாயைப் பார்த்துவிட்டுத் திட்டினார்.

"இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தீங்கன்னா தொண்டைக்கு இறங்கியிருக்கும். அப்புறம் மூச்சே விட முடியாது. ஏங்க இவ்வளவு நாள் வரல?"

நான் மேவிஸைக் காட்டிக் கொடுக்கவில்லை. "பயம்," என்றேன். அந்த ஆள் நம்பிவிட்டார். படித்தவர்கள் பயத்தைச் சீக்கிரம் நம்புகிறார்கள்.

ஊசி போட்டு, ஆட்டி, பிடுங்கினார். நிறைய வந்தது, அதை எழுத வேண்டாம். பல்லை எறியப் போனவரை க்ளீட் தடுத்தான். "இங்க குடுங்க டாக்டர்." துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

வாயில் பஞ்சோடு வெளியே வந்தால், மேவிஸின் கார் நின்றது. அவள் இறங்கவில்லை. முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"ஒரே ஒரு ரன்," என்றாள். "கடைசி இன்னிங்ஸ்ல. பந்து நம்ம ஆளோட ரெண்டு கால் நடுவுல போச்சு. சும்மா உருண்டு வந்த பந்து."

க்ளீட் தொப்பியைக் கழற்றினான்.

"என்னாலதான். ஏழாவது இன்னிங்ஸ்ல எவனாவது சீட்ட விட்டுப் போவானா?"

நான் தலையை ஆட்டினேன். கன்னத்தைக் காட்டினேன். "ம்ம்! ம்ம்!"

"பல்லு இல்லய்யா. பல்லு பாவம், அது என்ன பண்ணிச்சு? பல்லப் புடுங்கினது அப்புறம். நான் கிளம்பினது முன்னாடி."

"ம்ம்!"

"சும்மா இரு. வாய் திறக்க முடியாதப்பக்கூட என்கிட்ட சண்டை போடுவியா?"

மேவிஸ் கார் ஸ்டியரிங்கைத் தட்டினாள். "ரெண்டு பேரும் நிறுத்துங்க. நேத்து இந்தச் சட்டையத் துவைச்சுட்டேன். நாத்தம் தாங்கல. போதுமா?"

க்ளீட் வாயைப் பிளந்தான். "துவைச்சியா?"

"துவைச்சேன்."

"மேவிஸ்! உனக்கு மனசாட்சியே கிடையாதா?"

அரிசோனாவை மறந்து அவளைத் திட்ட ஆரம்பித்தான். திட்டத் திட்ட அவன் முகத்தில் ரத்தம் திரும்பியது. மேவிஸ் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். அவள் காலரில் கடுகுச் சாஸ் கறை இருந்த இடத்திலேயே இருந்தது. நான் பார்த்தேன். வாயில் பஞ்சு இருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை மறுபடி ஆட்டம். மகள் போன் பண்ணி விமான டிக்கெட்டைப் பற்றிக் கேட்டாளாம். ஆகஸ்டு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை, போனை வை என்றானாம் க்ளீட். கணக்கு அப்படியேதான் நிற்கிறது. நாலாவது இடத்தில் இருந்தவர்களும் ஞாயிற்றுக்கிழமை தோற்றிருந்தார்கள். இன்னும் ஒரே ஒரு வெற்றி.

டோரீன் அவித்த சோளத்தை ஒரு பக்கமாகக் கடித்துத் தின்றுவிட்டுப் போனேன். வீக்கம் இறங்கி முகம் என் முகமாகியிருந்தது. க்ளீட் வண்டியை அதே மரத்தடியில் நிறுத்தியிருந்தான். சட்டைப் பையை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டான். மேவிஸ் அதே சட்டையில் வந்தாள். இந்தத் தடவை க்ளீட் அவளிடம் பேசவில்லை, ஆனால் கடலைப் பையை நீட்டினான்.

"பல்லு எப்படி இருக்கு?" என்று கேட்டான் என்னை.

"இல்ல."

"அது தெரியும். வலி?"

"அதுவும் இல்ல."

அவன் தலையை ஆட்டிவிட்டு மைதானத்தைப் பார்த்தான். பந்து வீசுகிற எங்கள் பிட்சர் மேட்டில் ஏறி மண்ணைக் காலால் கிளறிக்கொண்டிருந்தான். ஒரு புது ஆள், எனக்கு அவனைப் பிடிக்கவில்லை. என் நாக்கு தன்னால் அந்தக் குழிக்குப் போனது. பிறகு அதற்குப் பக்கத்துப் பல்லுக்குப் போனது. அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் இல்லை, கல் மாதிரி இருந்தது.

முதல் பந்தை வீசக் கையைத் தூக்கினான். நான் இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.