வெருகல் பார்த்து வந்த வழி

றம்லா கணவனின் மடிக்குக் குறுக்கே கையை நீட்டிக் கார் ஹோனை அமத்திப் பிடித்தாள். அக்கரையில் கட்டிக் கிடந்த, வாகனங்களை ஏற்றிக் கடத்தும் பாதைப்படகில் யாரும் அசையவில்லை. மழை அந்தச் சத்தத்தை அப்படியே விழுங்கிவிட்டது. ஸெய்னுதீன் சற்று முன்புதான் நெஞ்சைத் தடவிக்கொண்டு, கொஞ்சம் கண்ணை மூடுகிறேன் என்று சொல்லியிருந்தார். அவள் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

முன்னால் கங்கை கரைபுரண்டு ஓடியது. அதைக் கடந்தால் கிண்ணியா, வீடு, சொந்தபந்தம். பின்னால் இறால்குழித் துறையும் இவர்களை இறக்கிவிட்ட கையோடு நின்றுபோயிருந்தது. இரண்டு ஆற்றுக்கும் நடுவே ஒரு துண்டு நிலம். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. தெரிந்தாலும் போக இடமில்லை.

துறைமுகத்தில் கிளாக்கராக இருந்தவர் ஸெய்னுதீன். கடற்படைத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்ற மொறிஸ் மைனரை வாங்கி, பள்ளிக்கும் சந்தைக்கும் மட்டும் ஓட்டிவந்தார். இந்த மாரியில்தான் வெருகல் வரை போனார்கள். பெருகிய ஆற்றையும், மரம் நிறைய அடைந்திருந்த நாரைகளையும் பார்த்தார்கள். யானையொன்று றோட்டைக் கடக்கும்வரை காரை நிறுத்திவிட்டு மூச்சுவிடாமல் இருந்தார்கள். பிறகு திரும்பி வரும் வழியெல்லாம் இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

தலையில் சாக்குப் போட்டுக்கொண்டு வந்த யோகலிங்கம்தான் காருக்குள் முதலில் எட்டிப் பார்த்தார். பக்கத்தில் புகையிலைத் தோட்டம் வைத்திருப்பவர். பார்த்ததும் சாக்கைத் தலையிலிருந்து எடுத்துவிட்டார். அவர் போய் மீன்பிடிகாரர் அபூதாஹிரையும் வேறு சிலரையும் கூட்டிவந்தார். ஸெய்னுதீனின் மையத்தை அபூதாஹிர் வீட்டில் கிடத்திக் குளிப்பாட்டினார்கள்.

அங்கிருந்த சிறிய மையவாடியில் எங்கே வெட்டினாலும் குழிக்குள் தண்ணீர் ஊறியது. வெள்ளம் வடியும்வரை வைத்திருக்க ஏலாது என்று அபூதாஹிர் தயங்கித் தயங்கிச் சொன்னார். யோகலிங்கம் வாசலிலேயே நனைந்துகொண்டு நின்றார்.

"என்ர மேட்டில தண்ணி ஏறாது, பிள்ளை. நீங்கள் விரும்பினா அதில அடக்கலாம்."

றம்லா ஆற்றின் பக்கம் திரும்பினாள். கங்கைக்கு அந்தப் பக்கம் ஸெய்னுதீனின் வாப்பாவும் உம்மாவும் அடங்கிய மண் இருந்தது.

"பிறகு அதில உழுவீங்களோ?"

"இல்லை. வேலி போட்டு விடுறன்."

"அப்ப சரி" என்றாள்.

ஆண்கள் மையத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் யாருடையதோ உலர்ந்த சேலையில், யாருடையதோ அறையில் இருந்தாள். மண்வெட்டிச் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்தாள். கூரையில் விழுந்த மழைதான் கேட்டது. இந்த மழைக்குள்ளே பெண்சாதியையும் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாரே என்று குசினியில் பெண்கள் அடங்கிய குரலில் கதைத்தார்கள். அவள் சுவரைப் பார்த்தபடி இருந்தாள்.

மறுநாள் மத்தியானம் மழை ஓய்ந்தது. பாதைப்படகு இன்னும் ஓடவில்லை. சேதி எட்டி அவள் தம்பி லாபிர் தோணி பிடித்து வந்து சேர்ந்தான். மேட்டுக்குப் போய் அழுதுவிட்டு வந்து, அவளைத் தோணியின் நடுவில் இருத்தினான். வீட்டில் பின் அறையை ஒதுக்கியாயிற்று, கைம்பெண் தனித்திருக்கும் இத்தா முடியும்வரை அவள் வெளியே வரத் தேவையில்லை, எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். நடு ஆற்றுக்கு வந்தபோது அவனுக்குத் தாங்கவில்லை.

"மச்சானுக்கு என்ன விசரா ராத்தா? ஆராவது மாரிக்குள்ள வெருகலுக்குப் போவாங்களா?"

"நான்தான் கேட்டனான்."

லாபிர் திரும்பிப் பார்த்தான்.

"அவர் பங்குனியில போவம் எண்டவர். எனக்கு வெள்ளத்தோட பாக்க வேணும் எண்டு நான்தான் சொன்னனான்."

தோணிக்காரன் கம்பை ஊன்றித் தோணியை நிறுத்தினான். மேலேயிருந்து ஒரு முழு மருதமரம் வேரோடும் இலையோடும் வந்துகொண்டிருந்தது. முக்காட்டை இழுத்துவிடும்படி லாபிர் மெதுவாகச் சொன்னான். றம்லா முக்காட்டைப் பிடித்துக்கொண்டு, மரம் அவர்களைத் தாண்டிக் கடல் பக்கம் போய் மறையும்வரை உடம்பைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.