குடிகாரன் குழி

பானைகள் மண்ணுக்குள் இறங்கி ஐந்து மணி நேரம் நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. இன்னும் இருபது நிமிடத்தில் பானைக்காரன் துர்வால் மேல்மண்ணைத் தள்ளி அவற்றை வெளியே இழுப்பான். இறைச்சியும் முட்டைக்கோசும் சேப்பங்கிழங்கும் பூமியின் ஆவியிலேயே வெந்து வருவதைப் பார்க்கக் கூட்டம் கூடும். சுற்றுலா நடத்தும் அமாதேவும் தன் பயணிகளோடு வருவான். வராத நாளே கிடையாது. ஆனாலும் வர வேண்டுமே என்று இடலீனா வேண்டிக்கொண்டாள்.

ஃபூர்னாஸ் ஏரிக்கரையில் எரிமலைச் சூட்டில் கொதிக்கும் வெந்நிலத்துக்கு அவள்தான் காவல். காலையில் நீளமான கம்பி வெப்பமானியைத் தரையில் குத்திப் பார்ப்பாள், நோட்டில் எழுதுவாள், மண் இளகிய பக்கம் யாரும் போகாதபடி வேலியைத் தள்ளி நடுவாள். அன்று பெயர்ப் பலகைக்குப் பின்னால், வேலிக்கு அப்பால் மூன்று தப்படியில், ஒரு சாண் ஆழத்தில் தொண்ணூற்றெட்டு டிகிரி காட்டியது. மேலே காய்ந்த ஓடு. அடியில் கொதிக்கும் சேறு. மூன்றாவது அடியில் ஒரு ஆளின் கால் முழங்கால்வரை உள்ளே போகும்.

எழுதி முடித்ததும் அந்த இடத்து வேலியின் குறுக்குக் கட்டைகள் இரண்டையும் கழற்றிக் கீழே வைத்தாள். வேறு யாரும் தவறிப் போய்விடாமல் இடைவெளியில் தானே நின்றுகொண்டாள். காலையிலிருந்து அங்கேயேதான் நிற்கிறாள்.

"என்ன, வேலியப் பிரிச்சுப் போட்டிருக்க?" துர்வால் கொக்கிக் கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தான். "பெயிண்ட் அடிக்கவா?"

"ஆமா."

"டப்பாவக் காணோமே."

"வரும்."

"உங்கிட்டேர்ந்து ரெண்டாவது வார்த்தையப் புடுங்கறதுக்கு இந்தக் கொக்கி பத்தாதும்மா. நாப்பது கிலோ பானை சுளுவா வந்துரும்."

அவள் சிரிக்கவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை.

பலகையில் மஞ்சள் எழுத்தில் 'குடிகாரன் குழி' என்று இருந்தது. பக்கத்தில் தள்ளாடும் மனிதன் ஒருவனின் படம், கையில் புட்டி. எட்டு வருடங்களுக்கு முன் அமாதேவு தன் செலவில் வைத்தது. அந்தக் குடிகாரன் இடலீனாவின் அண்ணன் ஜெர்வாசியு.

ஒன்பது வருடங்களுக்கு முன் ஜெர்வாசியு அமாதேவிடம் வேலை பார்த்தான். புகை பின்னால் எழும்பப் பயணிகள் படம் எடுக்க வசதியாக, வேலியை நான்கு தப்படி உள்ளே தள்ளி நடச் சொன்னான் அமாதேவு. அன்று காலை வீட்டை விட்டுக் கிளம்பும்போது, "மொதலாளிக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கு, எளகின மண்ணுல கம்பு நடச் சொல்றாரு" என்று தங்கையிடம் சொல்லிவிட்டுத்தான் போனான். காலடியில் ஓடு உடைந்து கொதிக்கும் சேற்றில் விழுந்தான். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். நான் யாரையும் அனுப்பவில்லை, அவனே குடித்துவிட்டு வேலி தாண்டினான் என்றான் அமாதேவு. தலைநகரத்தில் ஒரு மூடிய அறைக்குள் விசாரணை நடந்தது. ஒரு சாட்சியின் வாக்குமூலமும் இருந்தது. கோப்பை மூடிவிட்டார்கள்.

அம்மா அதன்பிறகு ஏரிப் பக்கம் வந்ததில்லை. ஒவ்வொரு நவம்பரும் கல்லறையில் பூ வைக்கும்போது அவள் சொல்வது ஒன்றுதான். "எம்புள்ள குடிச்சான்னு சொன்னது எவன்னு மட்டும் தெரியட்டும். அவன் வாயில இந்தச் சேத்தக் கொதிக்கக் கொதிக்க ஊத்தறேன்." இடலீனா பக்கத்தில் பூக்களைப் பிரித்துக் கொடுப்பாள்.

இரண்டு வேன்கள் வந்து நின்றன. முப்பத்திரண்டு பேர் இறங்கினார்கள், எல்லோரும் லிஸ்பன்காரர்கள். முன்னால் வந்தவள் பெனெதித்தா, அங்குள்ள பயண நிறுவனத்துக்காரி. அடுத்த பருவம் முழுக்க ஆட்களை அமாதேவிடமே அனுப்புவதா என்று பார்க்க வந்திருந்தாள். அமாதேவு அவளுக்குக் குடை பிடித்தான். மழை இல்லை.

பலகை அருகே வந்ததும் வழக்கமான கூத்தை ஆரம்பித்தான்.

"பயப்படாதீங்க. இந்த மண்ணு கல்லு மாதிரி. நெதானத்துல இருக்கறவன ஒண்ணும் செய்யாது. ஒரே ஒருத்தனத்தான் முழுங்கிச்சு. அவன் காலையிலயே ரெண்டு புட்டிய முழுங்கியிருந்தான்!" கண்ணைச் செருகி, இடுப்பை வளைத்து நான்கு அடி தள்ளாடினான். கூட்டம் சிரித்தது. ஒரு கிழவர் கை தட்டினார்.

முப்பது பேர் முன்னால் இடலீனா பேசியதே இல்லை.

"முதலாளி," என்றாள்.

அமாதேவு திரும்பினான். கழற்றிப் போட்ட கட்டைகளை அப்போதுதான் பார்த்தான்.

"நீங்க நெதானத்துலதான இருக்கீங்க?"

"என்ன பொண்ணே?"

"கல்லு மாதிரின்னீங்களே. நாலு எட்டு நடந்து காட்டுங்க. இவங்க படம் எடுத்துக்குவாங்க." இடைவெளியிலிருந்து விலகி நின்று வழி விட்டாள்.

யாரோ கைபேசியைத் தூக்கினார்கள். "நடங்க, நடங்க!" என்றார் கிழவர். இதுவும் கூத்தின் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்.

அமாதேவு சிரித்தான். ஒரு கால் முன்னே வந்து நின்றது. அவன் நடந்துவிட்டால் தடுப்பதா என்று காலையிலிருந்து அவள் யோசித்திருந்தாள். இன்னும் முடிவு செய்யவில்லை. மூன்றாவது அடி விழும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கால் பின்னால் போனது.

"ஷூ புதுசு," என்றான்.

"கழட்டி வைங்க, நான் பாத்துக்கறேன்," என்றான் துர்வால். சிலர் சிரித்தார்கள். அமாதேவு சிரிக்கவில்லை.

அவள் அருகில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினான். "பலகைதான உனக்குப் பிரச்சினை? நாளைக்கே எடுத்துடறேன். சத்தம் போடாம கட்டைய மாட்டு."

ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அவன் கெஞ்சினான். இத்தோடு போதும் என்று ஒரு கணம் நினைத்தாள். பலகை போய்விடும், அவளுக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் நாளை மறுநாள் அவன் பலகை இல்லாமலே தள்ளாடிக் காட்டுவான்.

"மாட்டேன்," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "எங்கண்ணன் வேலி தாண்டல. நீங்க அனுப்பினீங்க. வேலிய உள்ள தள்ளி நடச் சொன்னீங்க."

சிரிப்பு அடங்கியது. பெனெதித்தா குடைக்குள்ளிருந்து வெளியே வந்தாள். "என்ன இது, அமாதேவு?"

"பாவங்க, அண்ணன் செத்ததுலேர்ந்து இந்தப் பொண்ணுக்கு மனசு சரியில்ல." அவன் குரல் மறுபடி வழவழப்பாகிவிட்டது. "விசாரணை நடந்து முடிஞ்ச விஷயம். அவன் காலையில குடிச்சதக் கண்ணால பாத்த சாட்சியே இருக்கு. கையெழுத்தோட."

"யார் அந்த சாட்சி?"

அமாதேவு இடலீனாவைப் பார்த்துப் புன்னகை செய்தான். நிம்மதியான புன்னகை அது. ஒன்பது வருடமாகக் கடைத்தெருவிலும் பேருந்து நிறுத்தத்திலும் அவளைக் காணும்போதெல்லாம் இப்படித்தான் புன்னகைப்பான்.

துர்வாலும் அவளைப் பார்த்தான். அவன் வீடு அம்மா வீட்டுக்கு எதிர்வீடு. இங்கே எது சொன்னாலும் பானைகள் ஆறுவதற்குள் அம்மா காதுக்குப் போய்விடும்.

மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. பானையை இழுக்க யாரும் நகரவில்லை.

அவள் அந்தப் புன்னகையைப் பார்த்தாள். அவள் வாய் திறக்கவே மாட்டாள் என்று அவ்வளவு உறுதியாக நம்பும் அந்தப் புன்னகையை அழிக்க அவளிடம் ஒரே ஒரு வழிதான் இருந்தது. தானும் சேர்ந்து அழிய வேண்டும். பரவாயில்லை.

கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"அந்தச் சாட்சி நாந்தான்," என்றாள். "அன்னைக்குக் காலையில எங்கண்ணனுக்கு நாந்தான் காப்பி போட்டுக் குடுத்தேன். காப்பியத் தவிர அவன் ஒரு சொட்டு குடிக்கல. குடிச்சான்னு எழுதி எடுத்துட்டு வந்தது இந்தாளு. இந்தக் காவல் வேலைய வாங்கித் தரேன்னாரு. நான் கையெழுத்துப் போட்டேன்."