ஒத்திகை பார்த்த ஞாயிறு

போன ஞாயிற்றுக்கிழமையே நோபுயுகி இந்த நாளைத் தனியாக ஒருமுறை நடந்து பார்த்துவிட்டார். ஒசாகா பேருந்து நிலையத்திலிருந்து கோட்டைக்கு எத்தனை நிமிடம், ஷின்சாய்பாஷி கடைத்தெருவில் சிறுபெண்கள் துணி எடுக்கும் கடை எந்த மாடி, கழிப்பறையில் எங்கே வரிசை குறைவு, எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். சொந்த ஊர் மத்சுயாமாவிலிருந்து மனைவியும் மகளும் இரவெல்லாம் பேருந்தில் வருகிறார்கள். கிடைப்பது ஒரே ஒரு பகல். அதில் வழி தெரியாமல் திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்க அவர் தயாராக இல்லை.

கம்பெனி அவரை ஒசாகாவுக்கு மாற்றி மூன்று வருடம் ஆகிறது. மகளின் பள்ளிப் படிப்பு கெடக் கூடாதென்று தனியாகத்தான் வந்தார். மார்ச்சில் ஊருக்குத் திரும்புகிறீர்களா, இன்னும் மூன்று வருடம் இருக்கிறீர்களா என்று மேலாளர் கேட்டிருக்கிறார். நாளை, திங்கட்கிழமை, பதில் சொல்ல வேண்டும்.

திரும்பத்தான் ஆசை. ஆனால் 'வரட்டுமா' என்று தானே கேட்டு, மனைவி கனாயேயின் முகத்தில் ஒரு நொடி தயக்கம் தெரிந்துவிட்டால்? கனாயே வாயைத் திறந்து 'வந்துடுங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொந்த மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்கத் துணிச்சல் இல்லாத மனிதர், கழிப்பறை வரிசையை மட்டும் கணக்காகத் தெரிந்து வைத்திருந்தார்.

நாள் என்னவோ அமர்க்களமாகத்தான் போனது. கோட்டையைக் கூட்டம் சேரும் முன்பே பார்த்தாயிற்று. மகள் மிஹாரு நாலு சட்டை போட்டுப் பார்த்து, முதலில் போட்டதையே எடுத்தாள். கூட்டம் பிதுங்கிய தெருக்களில் நோபுயுகி சந்து சந்தாகப் புகுந்து முன்னே நடந்தார்.

"ஏங்க, கண்ணைக் கட்டி விட்டாக்கூட நடப்பீங்க போலிருக்கே" என்றாள் கனாயே. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆக்டோபஸ் உருண்டை சுடும் கடையில், அடுப்படியில் நின்ற பெண்மணி அவரைப் பார்த்ததும் கத்தினாள்.

"அட, நம்ம அண்ணாச்சி! இன்னைக்கு ஆளுங்களோட வந்துட்டீங்களா? அதே மாதிரி வெங்காயம் தூக்கலாப் போடட்டா?"

"அப்பா, உங்கள எல்லாருக்கும் தெரியுது! செம கெத்துப்பா!" என்றாள் மிஹாரு.

போன வாரம் அந்தக் கடை ஓரத்தில் ஒரு தட்டு எட்டு உருண்டையையும் ஒற்றை ஆளாகத் தின்றுவிட்டு, மூன்று பேருக்கு உட்கார இடம் இருக்குமா என்று அவர் விசாரித்ததை எப்படிச் சொல்வது? சிரித்து வைத்தார். கனாயே சிரிக்கவில்லை. அதன் பிறகு அவள் அதிகம் பேசவுமில்லை. கால் வலிக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டார்.

மாலையில் பேருந்துக்கு வரிசையில் நின்றபோது அவள்தான் ஆரம்பித்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு வந்தேன். இனிமே அது வேண்டாம்."

"என்னது? சொல்லேன்."

"மார்ச்சோட ஊருக்கு வந்துடுங்கன்னு சொல்லத்தான் வந்தேன். ராத்திரி பஸ்ல பூரா அதையேதான் யோசிச்சிட்டு வந்தேன். ஆனா இங்க நீங்க எவ்வளவு நல்லா இருக்கீங்க! ஊரே கைக்குள்ள இருக்கு. இதையெல்லாம் விட்டுட்டு எங்ககூட வந்து அடைஞ்சு கெடங்கன்னு எப்படிச் சொல்ல? சந்தோஷமாத்தானே இருக்கீங்க?"

காத்திருந்த வார்த்தை வந்துவிட்டது, வந்த வேகத்திலேயே திரும்பியும் போய்விட்டது. இல்லை, இந்த ஊரில் எனக்கு ஒரு நாயைக்கூடத் தெரியாது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மிஹாரு துணிப்பையை மார்போடு அணைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகளின் பார்வையில் இருந்த அந்தப் பெருமையைக் கெடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

"ம். நல்லாத்தான் இருக்கேன்" என்றார்.

பேருந்து திரும்பி மறையும் வரை கையை ஆட்டினார். கை வலித்தது. அறைக்குப் போகவே பிடிக்கவில்லை.

மறுநாள் காலை மேலாளர் கூப்பிட்டுக் கேட்டபோது நிமிர்ந்து நின்று பதில் சொன்னார்.

"இன்னும் மூணு வருஷம் இங்கயே இருக்கேன் சார். வீட்டுல எல்லாருக்கும் சம்மதம்."