உள்ளங்காலுக்குத் தெரிந்தது

ஆஸ்பத்திரியில் அவளுக்கு 'விரல் டாக்டர்' என்று பெயர். உண்மையில் அவள் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட். ஏழு வயதில் வந்த ஒரு காய்ச்சல் கண் பார்வையை வாரிக்கொண்டு போனது. போகிற போக்கில் அதையெல்லாம் விரல் நுனியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறது என்பார்கள் அவளிடம் வரும் நோயாளிகள். முதுகில் கை வைத்த மாத்திரத்தில், "நேத்து எதையோ தூக்கியிருக்கீங்க, அதுவும் இடது கையால" என்பாள். தூக்கினவர் திருதிருவென்று விழிப்பார்.

பதினான்கு வருஷம் உழைத்து, மூன்றாவது மாடியில் சொந்தமாக ஒரு வீடு வாங்கினாள். குடிபோன வாரமே ஹாலுக்கு ஒரு பெரிய கார்பெட்டும் வந்து இறங்கியது. கடைக்காரர் ஒவ்வொன்றாக விரிக்க விரிக்க, செருப்பைக் கழற்றிவிட்டு எல்லாவற்றின் மேலும் நடந்து பார்த்துத் தேர்ந்தெடுத்தது. சந்தன நிறம் என்றார்கள்.

"உனக்கு எதுக்கும்மா வெளிர் கலர்? கறுப்பு கிறுப்புன்னு எடுத்திருந்தா அழுக்கு தெரியாதில்ல" என்றான் அண்ணன்.

"எனக்கு எந்தக் கலர்லயும் தெரியாதுண்ணா. வர்றவங்களுக்குத் தெரியட்டும்னுதான் எடுத்தேன்."

நாலு மாதம் ஒரு குறையும் இல்லை. அதற்கப்புறம்தான் ஹாலில் லேசாக ஒரு புளித்த வாடை. ஜன்னலைத் திறந்து வைத்தாள், போகவில்லை. முழங்காலில் உட்கார்ந்து சோப்புத் தண்ணீரால் துடைத்தும் பார்த்தாள். வாடை இடம் மாறிக்கொண்டதே தவிரக் குறையவில்லை. இது நம் கைக்கு அடங்காது என்று, கார்பெட் கழுவித் தருகிறவர் ஒருவரின் நம்பரை ஆஸ்பத்திரியில் விசாரித்து வாங்கி, போன் போட்டாள்.

எல்லாம் பேசி முடித்ததும், தனக்குக் கண் தெரியாது என்பதையும், மூன்றாவது மாடி வரை அவரே வந்துவிட வேண்டும் என்பதையும் சொன்னாள். அந்தப் பக்கம் கொஞ்சம் தயங்கியது.

"அப்ப வீட்டுல வேற யாராவது இருப்பாங்களா மேடம்?"

"நான் இருப்பேன். போதாதா?"

அதோடு முடிந்திருக்கும். வாய் சும்மா இருக்காமல் அண்ணனிடம் சொல்லிவிட்டாள். கார்பெட்காரர் வரும் நாளுக்கு அவன் உடனே லீவு போட்டுவிட்டான். "கண்ணு இருக்கறவனையே கண்ணு முன்னாடி ஏமாத்தற காலம். நான் வந்து பக்கத்துல நின்னுக்கறேன், நீ பேசாம இரு." வேண்டாம் என்றால் கேட்கிற ஆள் இல்லை. சின்ன வயதில் ரோடு தாண்டும்போது அவள் கையைப் பிடித்தவன், நாற்பதை நெருங்கும் தங்கையின் கையை இன்னும் மனசுக்குள் விடாமல் வைத்திருந்தான்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மெஷினை உருட்டிக்கொண்டு கார்பெட்காரர் வந்தார். கனத்த நடை, மெதுவான குரல். வந்தவர் நேராக அண்ணனிடம் கேட்டார், "சார், இது என்ன நூல்? வாங்கி எத்தனை வருஷம் ஆச்சு?"

அண்ணன் தொண்டையைக் கனைத்தான். பதில் அவளிடமிருந்து வந்தது.

"கம்பளி. அஞ்சு மாசம்கூட ஆகல. ரொம்பச் சூடா தண்ணி விடாதீங்க, சுருங்கிடும்."

"சரி சார்" என்றார் கார்பெட்காரர், பழக்க தோஷத்தில். பிறகு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டு, "சரி மேடம்" என்றார்.

சோபாவை நகர்த்தினார்கள். ஓரத்திலிருந்த சின்ன மேஜையைத் தூக்கியதும் கார்பெட்காரர் நின்றுவிட்டார். "இங்கதான் பெரிய கறையே இருக்கு. ஒரு தட்டு அகலத்துக்கு. என்ன கொட்டுச்சுங்க?"

அண்ணன் ஜன்னல் பக்கம் போய் வெளியே எதையோ ரொம்ப அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தான். காலடிச் சத்தத்திலேயே அவளுக்கு அது தெரிந்தது.

"பால் போட்ட டீ" என்றாள். "மூணு வாரம் ஆச்சு. கொட்டினவரு மேஜையை இழுத்து மேல வெச்சுட்டாரு."

"உனக்குத் தெரியுமா?" என்றான் அண்ணன், திரும்பாமலே.

"நடு ஹால்ல இருந்த மேஜை ஓரத்துக்குப் போனா, முட்டிக்கற கால் எனக்குச் சொல்லாதா? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். நீ கார்பெட்ல மறைச்சிருக்கே."

கார்பெட்காரர் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டு வேலையில் இறங்கினார். முதலில் தூசியை உறிஞ்சினார். பிறகு ஷாம்பு தெளித்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, மெஷினால் தண்ணீர் விட்டு உறிஞ்சி இழுத்தார். டேங்கில் சேர்ந்த அழுக்குத் தண்ணீரைப் பார்த்து அண்ணன், "இவ்வளவு அழுக்கா இதுக்குள்ள இருந்துச்சு?" என்று நாலு தரம் கேட்டான். அவள் சமையலறை வாசலில் நின்று மெஷினின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பதினொன்றரைக்கு அது ஓய்ந்தது.

"அருமையா இருக்கும்மா. புதுசு மாதிரி பளிச்சுன்னு இருக்கு. கறை இருந்த இடமே தெரியல" என்றான் அண்ணன்.

அவள் காலைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"ஈரம் மேடம். சாயங்காலம் வரைக்கும் மிதிக்காம இருந்தா நல்லது."

"ஒரே ஒரு தடவை."

சுவரோரம் தொடங்கி, அடிக்கு அடி வைத்து, கடைசி வரை போய்த் திரும்பினாள். ஏர் பூட்டி உழுவது போல ஒரு வரிசை முடிந்து அடுத்த வரிசை. மேஜை இருந்த இடத்தில் குனிந்து முகர்ந்து தலையை ஆட்டினாள். வாடை போயே போய்விட்டது. ஜன்னல் பக்கம் வந்தபோது நின்றாள். இரண்டடி பின்னால் போய் மறுபடி வந்தாள்.

"இந்த இடம் சரியில்ல. மத்த இடமெல்லாம் ஈரம் மட்டும்தான். இங்க பிசுபிசுன்னு காலைப் பிடிக்குது."

அண்ணனுக்குச் சங்கடம். "எல்லாம் ஒரே மாதிரிதாம்மா இருக்கு. நான் பார்த்துட்டுதானே சொல்றேன். அவரு நல்லாவே செஞ்சிருக்காரு, விடு."

"நல்லாத்தான் செஞ்சிருக்காரு. நான் இந்த இடத்தை மட்டும்தான் சொல்றேன்." குரலை உயர்த்தவில்லை. "நீங்க கொஞ்சம் வந்து தொட்டுப் பாருங்க. உள்ளங்கையால வேண்டாம், அது காப்புக் காய்ச்சிருக்கும். புறங்கையால."

கார்பெட்காரர் வந்து மண்டி போட்டார். ஒரு இடத்தில் தொட்டார், தள்ளி இன்னொரு இடத்தில் தொட்டார். முதல் இடத்துக்கே திரும்பி வந்து மறுபடி தொட்டார்.

"ஷாம்பு உள்ளயே தங்கிடுச்சு மேடம்" என்றார் கடைசியில். "நல்ல தண்ணி டேங்க் முடியற நேரம். இந்தத் துண்டு மட்டும்தானேன்னு மறுபடி ரொப்பாம இழுத்துட்டேன். கண்ணுக்குத் தெரியாது. பத்து நாள்ல தூசியெல்லாம் இங்கயே வந்து அப்பியிருக்கும். நீங்களும் என்ன காரணம்னே தெரியாம இருந்திருப்பீங்க." எழுந்து நின்றார். "இருபத்திரண்டு வருஷமா இந்த வேலை செய்யறேன். தப்பு பண்ணினா எனக்கு மட்டும்தான் தெரியும்னு நெனச்சிட்டிருந்தேன்."

"ஒத்துக்கிட்டீங்களே, எல்லாரும் ஒத்துக்க மாட்டாங்க. தண்ணி பாத்ரூம்ல பிடிச்சுக்கோங்க. இடது பக்கக் குழாய்தான் வேகமா வரும்."

டேங்கை ரொப்பி வந்து ஜன்னல் பக்கம் முழுவதையும் இரண்டு முறை அலசினார். முடிந்ததும் அவர் யாரையும் பார்த்து எதையும் கேட்கவில்லை, ஒதுங்கி வழிவிட்டார். அவள் நடந்தாள். இந்தத் தடவை நிற்காமல் கடைசி வரை போனாள்.

"இப்ப சரி."

அவர் மூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது.

புறப்படும்போது, வேலை திருப்தி என்று கையெழுத்து வாங்கும் தாளை எடுத்தார். கை தன்னால் அண்ணன் பக்கம் நீண்டிருக்க வேண்டும். அண்ணன் சொன்னான், "என்கிட்ட ஏன் நீட்டறீங்க? வீட்டுக்கார அம்மா அங்க நிக்கறாங்க. அவங்க சொன்னாத்தான் திருப்தி."

அவன் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையை அவள் கேட்டதில்லை. தாளில் இருந்ததைக் கார்பெட்காரர் முழுக்கப் படித்துக் காட்டினார். அவள் விரலை எடுத்துக் கையெழுத்துப் போடும் இடத்தில் வைத்தார். கோடு பிசகாமல் போட்டாள்.

அவர் போன பிறகு அண்ணனும் தங்கையும் சமையலறையில் சிறைப்பட்டார்கள். கார்பெட் காய்கிற வரைக்கும் ஹாலுக்குள் போக வழியில்லை. அவள் டம்ளர்களைக் கழுவ, அண்ணன் அண்ணிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னான். இருபத்திரண்டு வருஷ அனுபவம் அவன் வாயில் முப்பதானது. ஜன்னலோரத் துண்டு கைக்குட்டை அளவுக்குச் சுருங்கியது. "நான் கண்ணை நல்லாத் தொறந்து வெச்சுக்கிட்டுதான் நின்னேன். எனக்கு ஒண்ணுமே தெரியல. இவ கால வெச்சதும் சொல்லிட்டா. அந்தாளு அப்படியே ஆடிப்போயிட்டாரு. என் தங்கச்சின்னா சும்மாவா?"

அவள் குழாயை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு இடத்திலும் திருத்தவில்லை.